பெரட்டுக் களத்து லேண்ட் ரோவர்



விடிந்தும் விடியாத வேளையில் பெரட்டுக் களத்தில் நின்ற பெரியவர்களுக்கு ஓர் ஓசை நினைவிருக்கும். தூரத்தில் செம்மண் சாலை மேட்டில் ஒரு வண்டி கியர் மாற்றி ஏறி வரும். உடனே பேச்சு அடங்கிவிடும். கண்ணால் பார்க்கும் முன்பே காது சொல்லிவிடும், வருவது துரையின் லேண்ட் ரோவர் என்று.

துரையின் வண்டி என்றுதான் நாம் எல்லாரும் சொன்னோம். ஓட்டியவர் அவர்தாம். ஆனால் அதை இருபது, முப்பது ஆண்டுகள் ஓட வைத்தவர்கள் தோட்டத்துப் பட்டறையில் கிரீஸ் படிந்த கைகளோடு நின்ற நம்மவர்கள். அவர்களால் அது முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அந்த வண்டி பிறந்தபோது இங்கிலாந்தில் இருந்த வறுமையே அந்தக் காரணம்.

1947ஆம் ஆண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்து இரண்டே ஆண்டுகள். ரோவர் என்னும் கார் கம்பெனியில் மோரிஸ் வில்க்ஸ் தலைமைப் பொறியாளர். அவருடைய அண்ணன் ஸ்பென்சர் வில்க்ஸ் நிர்வாக இயக்குநர். மோரிஸுக்கு வேல்ஸ் நாட்டின் ஆங்கில்சி தீவில் ஒரு பண்ணை இருந்தது. போரில் மிஞ்சிய அமெரிக்க ஜீப் ஒன்றை வாங்கி அங்கே ஓட்டிக்கொண்டிருந்தார். ஜீப் தேய்ந்துகொண்டே வந்தது. அதற்குப் பதிலாக வாங்கலாம் என்றால் இங்கிலாந்தில் அதைப்போல வேறு வண்டி கிடையாது. நாமே ஏன் செய்யக்கூடாது என்று அண்ணனும் தம்பியும் பேசினார்கள். கடற்கரை மணலில் மோரிஸ் அதன் உருவத்தை வரைந்து காட்டினார் என்று சொல்வார்கள்.

முதல் மாதிரி வண்டியை ஜீப்பின் அடிச்சட்டத்தின் மேலேயே கட்டினார்கள். அதில் ஸ்டியரிங் நட்ட நடுவில் இருந்தது, டிராக்டரைப் போல! இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கும் வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கும் ஒரே வண்டி போதும் என்று கணக்குப் போட்டார்கள் போலும். அந்த யோசனை நிலைக்கவில்லை.

அப்போது இங்கிலாந்தில் எஃகுக்குத் தட்டுப்பாடு. வெளிநாட்டுக்கு விற்று அந்நியச் செலாவணி ஈட்டுகிற கம்பெனிக்குத்தான் அரசாங்கம் எஃகு ஒதுக்கும். அலுமினியமோ தாராளமாகக் கிடைத்தது. போர் விமானங்கள் செய்வது குறைந்துபோயிருந்ததே! ஆகவே வண்டியின் உடம்பை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தார்கள். வளைவான உருவம் வேண்டுமென்றால் பெரிய அச்சு இயந்திரங்கள் வேண்டும். அதற்குப் பணம் இல்லை. அதனால்தான் லேண்ட் ரோவர் ஒரு தகரப் பெட்டியைப் போல நேர்க்கோடாக இருந்தது. அடிச்சட்டத்தையும் அச்சில் அடிக்கவில்லை; நான்கு எஃகுப் பட்டைகளைச் சேர்த்துப் பெட்டிபோல வெல்டிங் செய்தார்கள். பச்சைச் சாயம்கூட விமானங்களுக்கென்று வாங்கி மிஞ்சியது என்பார்கள்.

தட்டையான தகடு நசுங்கினால் மரச்சுத்தியல் போதும், நிமிர்த்திவிடலாம். வெல்டிங் செய்த சட்டம் விரிசல் விட்டால் மீண்டும் வெல்டிங் செய்யலாம். பெரிய தொழிற்சாலை இல்லாமல் உருவாக்கிய வண்டி என்பதால் பெரிய தொழிற்சாலை இல்லாமல் பழுதுபார்க்கவும் முடிந்தது.

1948 ஏப்ரல் 30ஆம் நாள் ஹாலந்தில் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அதை வைத்தார்கள். விலை 450 பவுன். 1600 சிசி அளவுள்ள பெட்ரோல் எஞ்சின். 50 குதிரைத் திறன். கதவுக்குத் தனிக்காசு! இரண்டொரு வருடம் விற்றுவிட்டுப் பழையபடி நல்ல கார்கள் செய்யப் போகலாம் என்பது கம்பெனியின் எண்ணம். ஆனால் கார்களைவிட இதுவே கூடுதலாக விற்றது.

அதே 1948இல், ஜூன் 16ஆம் நாள், பேராக்கில் சுங்கை சிப்புட் பகுதியில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். அது 1960 வரை நீடித்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில்தான் லேண்ட் ரோவர் நம் மண்ணில் பழகிப்போனது. போலீஸும் பட்டாளமும் அதில் வந்தார்கள். துரைமார் வண்டிகளுக்கு இரும்புத் தகடு அடித்துக்கொண்டார்கள். லயங்களைச் சுற்றியோ முள்கம்பி வேலி, ஊரடங்கு. வேலைக்காட்டுக்குச் சோறு கட்டிப்போகத் தடை விதித்த இடங்களும் உண்டு. ஆகவே அந்த வண்டியின் ஓசை எல்லாருக்கும் இனிய நினைவாக இருக்க முடியாது. சோதனைக்கு நின்ற தாய்மார்களுக்கு அது வேறு ஓசை.

இனிப் பட்டறைக்கு வருவோம். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்துப் பட்டறை நான்கு தூணும் ஒரு தகரக் கூரையும்தான். அங்கிருந்த மெக்கானிக் அண்ணனுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் அரை இஞ்ச், ஒன்பது-பதினாறு, ஏழு-பதினாறு என்று ஸ்பானர் கேட்கும்போது ஒரு நாளும் தவறியதில்லை. பின்னக் கணக்கை நான் பள்ளிக்கூடத்தில் கற்கும் முன்பே அவரிடம் கற்றேன்.

வண்டிக்குள் கியர் கம்பிக்குப் பக்கத்தில் இரண்டு சிறு கம்பிகள் இருக்கும். மஞ்சள் குமிழை அழுத்தினால் முன் சக்கரங்களுக்கும் இழுவை சேரும். சிவப்புக் குமிழைப் பின்னால் இழுத்தால் தாழ்ந்த கியர் வரிசை. வேகம் குறையும், பலம் பெருகும். சேற்றில் ஆட்டுக்கல் நகர்வதுபோல நகரும். பழைய வண்டிகளில் முதல் இரண்டு கியர்களுக்கும் கிளட்சை இருமுறை மிதித்துத்தான் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் கியர்பெட்டி கூச்சலிடும். லயம் முழுக்க ஓட்டுநரின் திறமை தெரிந்துவிடும். 1971இல் வந்த மூன்றாம் வரிசை வண்டியில்தான் எல்லா முன் கியர்களும் சுலபமாயின.

அடிக்கடி முறிவது பின் அச்சுக்குள் இருக்கும் தண்டு. வேறு வண்டி என்றால் அங்கேயே படுத்துவிடும். இதில் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். நடுவிலுள்ள ஆறு போல்ட்டுகளைக் கழற்றி, முறிந்த தண்டை உருவிவிட்டு, முன் சக்கர இழுவையைச் சேர்த்துக்கொண்டு வீடு வந்துவிடலாம். பேட்டரி போனால் முன்னால் கைப்பிடி செருகிச் சுழற்றலாம். ஆனால் கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்தே வைக்க வேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் விரல் முறியும்.

இந்த வண்டியின் உழைப்பை உலகம் கண்டது 1955இல். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர், கருநீலத்தில் ஒன்றும் வெளிர்நீலத்தில் ஒன்றுமாக இரண்டு லேண்ட் ரோவர்களில் செப்டம்பர் முதல் நாள் லண்டனிலிருந்து புறப்பட்டார்கள். இந்தியா, பர்மா, தாய்லாந்து கடந்து, அவசரகால மலாயாவின் ரப்பர் காடுகள் வழியாக, 1956 மார்ச் 6ஆம் நாள் சிங்கப்பூரை அடைந்தார்கள். அவர்களில் ஒருவரான டிம் ஸ்லெஸர் அதைப் புத்தகமாக எழுதினார்.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் காற்று திசை மாறியது. ஜப்பானிய டொயோட்டா லேண்ட் குரூசர் பலமான எஞ்சினோடு வந்தது. இங்கிலாந்திலோ ரோவர் கம்பெனி 1968இல் பிரிட்டிஷ் லேலண்டு என்ற பெரிய கூட்டுக்குள் சேர்ந்து, போதிய முதலீடின்றித் திணறியது. இங்கே பழைய வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. துரை ஏறிய வண்டியைக் காய்கறித் தோட்டக்காரர்களும் மெக்கானிக்குகளும் வாங்கினார்கள். கேமரன் மலைக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்: முட்டைக்கோஸ் கூடைகள் ஏற்றிக்கொண்டு செங்குத்தான சரிவில் ஏறும் பழைய லேண்ட் ரோவர்கள். மூடியைத் திறந்தால் உள்ளே ஜப்பானிய டீசல் எஞ்சின் இருப்பதும் உண்டு. ஆகவே பட்டறையில் இஞ்ச் ஸ்பானர் ஒரு பெட்டி, மில்லிமீட்டர் ஸ்பானர் ஒரு பெட்டி!

இப்படி மாற்றுவது தவறென்று நான் சொல்லமாட்டேன். உழைக்கிற வண்டி உழைக்கட்டும். ஆனால் கனமான எஞ்சினை வைத்துவிட்டுப் பழைய பிரேக்கையும் பழைய ஸ்பிரிங்கையும் அப்படியே விடுகிறார்களே, அதுதான் கவலை. பின்னால் உட்கார்ந்து போவது நம் பிள்ளைகள். எஞ்சின் மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் பதிவும் வேண்டும். வாங்கும்போது பளபளக்கும் உடம்பைப் பார்த்து ஏமாறவேண்டாம். அலுமினியம் துருப்பிடிக்காது, அடியில் இருக்கும் எஃகுச் சட்டம் உள்ளிருந்தே அரித்துப்போகும். இரண்டு உலோகங்களும் தொடும் இடத்தில் ஈரம் தங்கினால் அலுமினியமும் வெண்பொடியாக உதிரும். கீழே படுத்து, சிறு சுத்தியலால் சட்டம் நெடுகத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது. மந்தமாகச் சத்தம் வந்தால் பணத்தை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

2016 ஜனவரி 29ஆம் நாள், சோலிஹல் தொழிற்சாலையில் அந்தப் பழைய வம்சத்தின் கடைசி வண்டி வெளிவந்தது. அறுபத்தேழு ஆண்டுகளில் இருபது இலட்சத்துக்கும் மேல் செய்திருந்தார்கள். லண்டனிலிருந்து வந்த அந்த இரண்டில் வெளிர்நீல வண்டி பிறகு ஒரு பள்ளத்தில் விழுந்து அழிந்தது. கருநீல வண்டி அட்லாண்டிக் கடலிலுள்ள செயின்ட் ஹெலினா தீவில் கேட்பாரற்றுக் கிடந்தது. அதை மீட்டுப் பழுதுபார்த்து, 2019 ஆகஸ்டில் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தார்கள். டிம் ஸ்லெஸர் தாமே வர இருந்தார், உடல்நலம் இடங்கொடுக்கவில்லை. அவருடைய பேரன் ஏறிக்கொண்டான். வண்டி மீண்டும் வடக்கே திரும்பி, நம் நாட்டைக் கடந்து, அந்த டிசம்பரில் லண்டன் போய்ச் சேர்ந்தது.