சூரிய கிரகணமும் தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர். கமராவும்

2019 டிசெம்பர் 26ஆம் திகதி காலை 9.30 மணி கடந்து சிறிது நேரத்தில், கிளிநொச்சி வானில் சூரியன் சுமார் 3 நிமிடங்கள் மோதிரம்போல் தெரிந்தது. அதற்கு முந்தைய வளைய கிரகணம் 2010 ஜனவரி 15இல் வடக்கைக் கடந்தபோது வன்னி மக்களில் பெரும்பாலானோர் ஊர் திரும்பியிருக்கவில்லை. அடுத்த வளையம் 2031 மே 21இல் இலங்கையின் வடக்குக்கு வருகிறது. அதற்கு முன்பே, 2027 ஓகஸ்ட் 2 மாலையில், பகுதி கிரகணம் ஒன்றை இங்கிருந்து பார்க்கலாம்.

கெனன் 1300டி, நிக்கோன் டி3500 போன்ற கமராக்களால் இதைத் தாராளமாகப் படமெடுக்கலாம். ஆபத்து கமராவின் விலையில் இல்லை, அதன் அமைப்பில் இருக்கிறது. டி.எஸ்.எல்.ஆர். கமராவின் வியூபைண்டரில் நாம் பார்ப்பது திரைப்படம் அல்ல. லென்ஸ் குவித்த அதே ஒளி கண்ணாடியில் தெறித்து நேரே கண்ணுக்குள் வருகிறது. விழித்திரைக்கு வலி தெரியாது. பார்வை மங்கிய பிறகே பாதிப்பு புரியும்.

ஆகவே சூரிய பில்டர் லென்ஸின் முன்பக்கத்தில் இருக்க வேண்டும். நேரில் பார்க்கத் தகுந்த பில்டர் ஒளியில் இலட்சத்தில் ஒரு பங்கையே உள்ளே விடும். கிரகணக் கண்ணாடியை அணிந்துகொண்டு வியூபைண்டருக்குள் பார்ப்பது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது மிக மோசமான தவறு. குவிந்த ஒளி அந்தப் படலத்தையே எரித்துவிடும். எக்ஸ்ரே படலம், புகை பிடித்த கண்ணாடி, குறுந்தட்டு எதுவும் உதவாது. பில்டர் இல்லாமல் பின்திரையைப் பார்த்து எடுத்தால் கண் தப்பும், ஆனால் சென்சர் கருகலாம்.

முழுக் கிரகணத்தில் சூரியன் முற்றாக மறையும் சில நிமிடங்களுக்கு பில்டரைக் கழற்றலாம். வளைய கிரகணத்தில் அப்படி ஒரு கணமே கிடையாது. மெல்லிய முகில் மூடினாலும் கழற்றாதீர்கள்.

பில்டரை மாட்டுமுன் மின்குமிழுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசித்துளி ஓட்டை தெரிந்தாலும் எறிந்துவிடுங்கள். பிறகு ஐ.எஸ்.ஓ. 100, துவாரம் எஃப் 8, வேகம் வினாடியில் 500இல் ஒரு பங்கு என்று தொடங்கி, வேகத்தை மட்டும் கூட்டிக் குறைத்துப் பல படங்கள் எடுக்கலாம். குவியத்தைக் கையால் சரிசெய்வதே நல்லது. கமராவோடு வரும் 55 மி.மீ. லென்ஸில் சூரியன் சென்சரில் அரை மி.மீ. அளவுதான் விழும், 250 மி.மீ. லென்ஸில் 2.3 மி.மீ. வரும். இந்தப் பயிற்சிக்குக் கிரகணம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சாதாரண நாளிலும் பில்டர் வழியே சூரியப் புள்ளிகள் கிடைக்கும்.

பில்டர் கிடைக்காதவர்கள் கமராவை நிலத்தை நோக்கித் திருப்பலாம். கிரகண வேளையில் மர நிழலில் இலை இடுக்குகள் ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கமராவாகி, மண்ணில் நூற்றுக்கணக்கான பிறைகளையோ வளையங்களையோ விழுத்தும். அதை எடுக்க 18 மி.மீ. லென்ஸ் போதும், பில்டர் வேண்டாம்.