செயற்கை முழங்கால் மூட்டின் அசைவு

முழங்கால் மாற்று அறுவையில் பொருத்தப்படும் உலோக மூட்டு, உடலின் எடையைத் தாங்கியபடி மடங்கி, நீண்டு, சிறிதளவு திரும்பி இயங்கும் முறை. புதுச்சேரி ரெட்டியார்பாளையம் பக்கம் இச்சிகிச்சைக்கு ‘முட்டி மாத்துறது’ என்று பெயர். முழு முட்டியும் மாற்றப்படுவதில்லை. தொடையெலும்பின் அடிமுனையும் கீழ்க்காலெலும்பின் தலையும் ஏறத்தாழ 1 செ.மீ. கனத்துக்குச் சீவப்படும். மேலே கோபால்ட்-குரோமிய உறையும், கீழே ஓர் உலோகத் தட்டும், இரண்டுக்கும் நடுவே பாலிஎத்திலீன் மெத்தையும் வைக்கப்படும். பக்கவாட்டு ஜவ்வுகளும் தசைகளும் நோயாளியின் பழையவையே. ஆகவே புதிய முட்டியின் அசைவைப் பாதி உலோகத்தின் வடிவமும் மறுபாதி பழைய ஜவ்வின் இழுவிசையும் தீர்மானிக்கின்றன.

இயற்கை அசைவு

முழங்கால் கதவுக் கீல் அன்று. ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள் 1836இல் வெளியிட்ட நூலிலேயே தொடையெலும்பின் அடிமுனையிலுள்ள இரு குமிழ்கள் கீழ்க்காலெலும்பின் தளத்தில் உருளவும் செய்கின்றன, வழுக்கவும் செய்கின்றன என்று காட்டினர். உருள மட்டும் செய்தால் கால் முழுதாக மடங்குமுன் குமிழ் தளத்தின் பின்விளிம்பைத் தாண்டி விழுந்துவிடும். குமிழின் வளைபரப்பு தளத்தைப்போல் ஏறக்குறைய இருமடங்கு நீளம். 1904இல் ட்சுப்பிங்கர் என்ற ஆய்வாளர் எக்ஸ்ரே படங்களைக் கொண்டு, மூட்டின் நடுவே முன்னும் பின்னுமாகக் குறுக்கிடும் குறுக்கு ஜவ்வுகள் இரண்டும் சேர்ந்து குமிழ்களைப் பின்னுக்கு இழுக்கின்றன என்றார். இக்கருத்து ஏறத்தாழ நூறாண்டு செல்வாக்குடன் இருந்தது. 2000இல் இவாக்கி, பின்ஸ்கெரோவா, ஃப்ரீமன் ஆகியோரின் ஆய்வு அதைத் திருத்தியது. உட்புறக் குமிழ் கிட்டத்தட்ட இடம்பெயர்வதே இல்லை. வெளிப்புறக் குமிழ் மட்டும் 2 செ.மீ. அளவு பின்வாங்குகிறது. உட்புறத் தளம் குழிந்தது, வெளிப்புறத் தளம் தட்டையானது. நம் சமையலறைக் கணக்கில், உள்ளே ஆட்டுக்கல், வெளியே அம்மி: ஒரு குழவி குழிக்குள் நின்ற இடத்திலேயே சுழல்கிறது, மற்றது கல்லின்மேல் முன்னும் பின்னும் போய்வருகிறது. காலை முழுதாக நீட்டும் கடைசிக் கட்டத்தில் கீழ்க்கால் சற்றே வெளிப்புறம் திரும்பிப் பூட்டிக்கொள்வதும் இந்த ஏற்றத்தாழ்வால்தான்.

வரலாறு

முதலில் மூட்டை மாற்ற எவரும் முனையவில்லை. எலும்புகள் ஒட்டிக்கொள்ளாமல் இடையில் எதையேனும் வைக்கவே பார்த்தனர். 1860களில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் வெர்னெய் மூட்டின் சொந்த உறையையே மடித்து இடையில் வைத்தார். பின்வந்தவர்கள் தசையுறை, கொழுப்பு, பன்றியின் சிறுநீர்ப்பை வரை வைத்துப் பார்த்தனர். அசைவு வந்த காலில் உறுதி இல்லை, உறுதி வந்த காலில் அசைவு இல்லை.

1890இல் பெர்லினில் தெமிஸ்டாக்லிஸ் குளுக், காசநோயால் அழிந்த முழங்காலில் யானைத் தந்தத்தால் கடைந்த ஒரு கீலைப் பொருத்தினார். குங்கிலியமும் பாரிஸ் சாந்தும் நுரைக்கல் தூளும் கலந்த பசையால் அதை எலும்பில் ஒட்டினார். சிறிது காலம் மூட்டு நன்றாகவே மடங்கியது. தொற்று மிச்சமிருந்த மூட்டில் அந்நியப் பொருள் நிலைக்காது என்பது பிறகு தெரிந்தது. குளுக்கும் தம் முறையைக் கைவிட்டார். எனினும் எலும்பை வெட்டி, வேறு பொருளைப் பசையிட்டு ஒட்டும் வழி இன்றுவரை அவருடையதே. பசை மட்டும் மாறியிருக்கிறது.

அடுத்து வந்தவர்களும் கீலைவிட்டு அகலவில்லை. 1951இல் சுவீடனின் வால்டியுஸ் அக்ரிலிக் கீலும், 1954இல் இங்கிலாந்தின் ஷியர்ஸ் உலோகக் கீலும் செய்தனர். புதுச்சேரி வாசகர் அறிய வேண்டியது, 1970ஐ ஒட்டிப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் குழுவொன்று உருவாக்கிய ‘கேபார்’ கீல். கீலின் அச்சைப் பின்னுக்குத் தள்ளி வைத்ததால் கால் முன்னைவிட அதிகம் மடங்கியது. எல்லாக் கீல்களுக்கும் நேர்ந்த கேடு இதற்கும் நேர்ந்தது. நடக்கும்போது கால் திரும்பப் பார்க்கிறது, கீல் விட மறுக்கிறது. அந்த முறுக்கு முழுவதும் பசைமேல் இறங்கிப் பிடிப்பு தளர்ந்துவிடும். கதவு திரும்ப முயன்றால் நிலைதானே பெயரும்.

கீலிலிருந்து விடுதலை 1968இல் வந்தது. கனடாவின் ஃபிராங்க் கன்ஸ்டன், இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில், ஒன்றோடொன்று இணைக்கப்படாத உலோக வளையங்களையும் பாலிஎத்திலீன் தடங்களையும் பொருத்தினார். ஜவ்வே மூட்டைப் பிடித்துக்கொள்ளட்டும் என்பது அவர் வழி. லண்டனில் ஃப்ரீமனும் ஸ்வான்சனும் இதே பாதையில் சென்றனர். 1974இல் நியூயார்க்கில் இன்சால், ரணாவத், வாக்கர் மூவரும் உருவாக்கிய ‘டோட்டல் காண்டைலர்’ மூட்டே இன்றைய பெரும்பாலான வடிவங்களுக்குத் தாய். இவர்களுள் சித்ரஞ்சன் ரணாவத் இந்தூரில் மருத்துவம் பயின்றவர். 2000, 2001 ஆண்டுகளில் அப்போதைய பிரதமர் வாஜ்பாயின் இரு முழங்கால்களையும் மும்பையில் மாற்றியவர் இவரே. இச்சிகிச்சையின் பெயர் இந்தியாவின் தெருத் திண்ணைவரை வந்துசேர்ந்தது அப்போதுதான்.

கீல் முற்றாக மறையவில்லை. முழங்காலருகே எலும்புப் புற்று வந்து ஜவ்வையும் சேர்த்து வெட்டியெடுக்க நேர்ந்தால் வேறு வழியில்லை. சென்னையில் மயில்வாகனன் நடராஜன் நோயாளியின் அளவுக்கென்றே உள்நாட்டில் செய்வித்துப் பொருத்திய பெருமூட்டுகள் இவ்வகை. அவருக்கு 2007இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

வகைகள்

பின் குறுக்கு ஜவ்வைக் காக்கும் வகை. அதை நீக்கி, மெத்தையின் நடுவே ஒரு முளையும் உறையில் ஒரு குறுக்குத் தண்டும் வைத்துப் பின்னிழுக்கும் வகை (1978, இன்சால்–பர்ஸ்டீன்). மெத்தையே திரும்பும் வகை. உட்புறத்தை ஊன்றுபுள்ளியாகக் கொண்ட வகை. முதல் வகையைப் பற்றி 1990களில் ஸ்டீல், டென்னிஸ், கொமிஸ்டெக் ஆகியோர் நகரும் எக்ஸ்ரேயில் கண்டது வியப்பானது. கால் மடங்கும்போது குமிழ் பின்னே போவதற்குப் பதில் பல நோயாளிகளில் முன்னே வழுக்கியது. இதனால் தொடைத்தசையின் நெம்புகோல் குறுகும், பின்பக்கம் எலும்பு தட்டும், மடக்கம் பாதியில் நிற்கும். இயற்கையோடு ஒத்துப்போவது உட்புறம் ஊன்றும் வகையே.

தரையும் நாற்காலியும்

சமதரை நடைக்கு 60 பாகை மடக்கம் போதும். மாடிப்படிக்கு 90 பாகை. குந்தி உட்கார 130 பாகைக்கு மேல் வேண்டும். மாற்று மூட்டு பெரும்பாலும் 110 முதல் 120 பாகையில் நின்றுவிடும். எனவே ரெட்டியார்பாளையத்தின் பழைய வீட்டில் இந்தியக் கழிப்பறை மாறி மேல்நாட்டுக் கழிப்பறை வருவது பல சமயம் அறுவைக்கு முன்பே நடக்கும் வேலை. உழவர்கரை மாதா கோவிலில் முழந்தாளிடுவது மடக்கத்தால் தடைபடுவதில்லை; அதற்கு 90 பாகையே போதும். தழும்பின் வெளிப்பக்கத் தோல் மரத்திருப்பதால் கட்டையில் ஊன்றியது தெரியாமல் ஓர் அச்சம் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவே. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலை ஆட்டினால் ‘டக்’ என்று கேட்கும். உறை மெத்தையை விட்டு ஒரு மயிரிழை எழுந்து மீண்டும் அமரும் ஒலி அது. வலியோ வீக்கமோ இல்லையென்றால் பயப்பட ஒன்றுமில்லை.

ஆசியர் தரையில் அமர்பவர் என்பதற்காகக் குமிழின் பின்பக்கத்தைக் கூடுதலாகச் சீவி ‘ஹை ஃபிளெக்ஸ்’ மூட்டு செய்தார்கள். 2007இல் வெளிவந்த கொரிய ஆய்வொன்றில் இத்தகைய 72 முழங்கால்களில் 27இல் மேலுறை தளர்ந்திருந்தது. குந்தவும் மண்டியிடவும் முடிந்தவர்களிடமே தளர்ச்சி மிகுதி. குந்தாமலே மூட்டின்மேல் பாரம் அதிகம்: பெர்லினில் மூட்டுக்குள்ளேயே அளவி வைத்துப் பார்த்ததில், நடக்கையில் உடல் எடையின் இரண்டரை மடங்கும் படியிறங்குகையில் ஏறத்தாழ மூன்றரை மடங்கும் பாரம் விழுகிறது.

இன்றைய நிலை

2017 ஆகஸ்டில் இந்திய அரசு மூட்டுகளுக்கு உச்சவிலை விதித்தது: கோபால்ட்-குரோமிய வகை ரூ. 54,720, ஹை ஃபிளெக்ஸ் ரூ. 56,490, வரி தனி. எலும்பைச் சீவ ரோபோ கருவிகளும் வந்துள்ளன.