கறுவாவின் மரபுப் பல்வகைமை: மருதானைத் தோட்டம் முதல் களச் சேகரிப்பு வரை

கறுவா இலங்கையின் ஈரவலயக் காடுகளில் தானாக வளரும் மரம். தாவரவியல் பெயர் சின்னமோமம் வெரம். தமிழ்நாட்டில் இலவங்கப்பட்டை என்பார்கள். சமையலிலும் சித்த, ஆயுர்வேத மருந்துகளிலும் இதன் பட்டை சேருகிறது. மரத்துக்கு மரம் சுவையும் மணமும் எண்ணெயின் அளவும் மாறுபடும். இந்த வேறுபாடே கறுவாப் பயிரின் மரபுச் செல்வம். காட்டு மரத்தைத் தோட்டப் பயிராக்கும் பெருமுயற்சி 18ஆம் நூற்றாண்டில் கொழும்பு மருதானையில் தொடங்கியது.

காட்டுப் பட்டையும் உலர்சேகரிப்பும்

போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் ஆட்சியின் முதல் நூறு ஆண்டுகளிலும் பட்டை முழுவதும் காட்டிலிருந்தே வந்தது. அதை உரித்துக் கொடுப்பது சலாகம சமூகத்தவர் மீது சுமத்தப்பட்ட கட்டாய ஊழியம். நல்ல மரங்கள் பல கண்டி அரசனின் எல்லைக்குள் இருந்ததால், பகை மூண்டபோதெல்லாம் வரத்துத் தடைப்பட்டது.

1670களில் கொழும்பில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக இருந்த பவுல் ஹெர்மன், கறுவா உள்ளிட்ட தாவரங்களை உலர்த்திச் சேகரித்தார். அச்சேகரிப்பை ஆதாரமாகக் கொண்டு தாவரவியலாளர் லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை வெளியிட்டார். ஹெர்மனின் ஏடுகள் இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. உலர்ந்த இலை இனத்தை அடையாளம் காட்டும். ஒரு மரத்தின் சுவையைப் பேணவோ அதை மறுபடி முளைக்க வைக்கவோ அதனால் ஆகாது.

மருதானைத் தோட்டம்

பயிரிட்டால் கறுவாவின் தரம் கெடும் என்ற நம்பிக்கை அப்போது வேரூன்றியிருந்தது. 1765இல் ஒல்லாந்த ஆளுநரான இமான் வில்லம் ஃபால்க் அதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தார். அவர் தம் தோட்டத்தில் விதைத்த முதற்கன்றுகள் நன்றாக முளைத்துப் பின் பட்டுப்போயின. காட்டில் பட்டை உரித்துப் பிழைத்த ஒருவர் இரவில் வெந்நீர் தெளித்ததே காரணம் என்று, 1777இல் இலங்கை வந்த சுவீடன் தாவரவியலாளர் துன்பெர்க் எழுதியிருக்கிறார். ஃபால்க் பின்வாங்கவில்லை. 1760களின் இறுதியில் மருதானையில் பெருந்தோட்டம் உருவாயிற்று. பின்னர் மேல்கரையோரம் எங்கும் கறுவாத் தோட்டங்கள் பரவின.

உரிப்போர் மரங்களை நாவால் வகைபிரித்ததையும் துன்பெர்க் பதிவு செய்தார். அவ்வகைப் பெயர்கள் இன்றும் சிங்களத்தில் வழங்குகின்றன: தேன்போல் இனிக்கும் பெனி குருந்து, கசக்கும் தித்த குருந்து, துவர்க்கும் கஹட்ட குருந்து, வாயில் வழுவழுக்கும் செவெல் குருந்து, கற்பூரம் மணக்கும் கபுரு குருந்து. இவற்றுள் சில ஒரே இனத்தின் வேறுபாடுகள். சில தனி இனங்கள். ஆய்வுகூடம் வருவதற்கு முன்பே இவ்வளவு நுட்பமாக மரங்களைப் பிரித்தறிந்த உழைப்பாளர்களின் அறிவைக் கறுவா வரலாற்றின் முதல் ஏடாகக் கொள்வதே நியாயம்.

1796இல் கொழும்பு ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1833இல் அரசின் கறுவா ஏகபோகம் ஒழிந்தது. நகரம் வளர வளர மருதானையில் புகையிரதப் பாதையும் பாடசாலைகளும் கடைத்தெருக்களும் எழுந்தன. அருகிலுள்ள கொழும்பு 7க்குக் கறுவாத்தோட்டம் என்ற பெயர் மட்டும் எஞ்சியது.

வேறுபாடு பிறக்கும் விதம்

கறுவாப் பூ இரு முறை விரியும். முதல் முறை சூலகமுடி மகரந்தத்தை ஏற்கும். மறுநாள் விரியும்போது அதே பூ மகரந்தம் உதிர்க்கும். ஒரு மரத்தின் பூக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இப்படி மாறுவதால் அயல் மகரந்தச் சேர்க்கையே மிகுதி. ஆகவே இனிப்பான தாய்மரத்தின் விதையிலிருந்து துவர்ப்பான கன்றும் வரக்கூடும். விதையால் பெருகிய தோட்டத்தில் பல்வகைமை கூடும். தரம் ஒருசீராக இராது.

விதை சில வாரங்களிலேயே முளைதிறனை இழந்துவிடும். உலர்த்திக் குளிரறையில் வைத்தால் செத்துவிடும். நெல் விதையைப் போல இதை வங்கியில் சேமிக்க வழியில்லை. மரமாக நட்டுக் காக்கும் களச் சேகரிப்பே வழி.

இன்றைய சேகரிப்புகள்

மாத்தறை மாவட்டத்துப் பலொல்பிட்டியவில் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் கறுவா ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. திணைக்களம் தேர்ந்தெடுத்து வெளியிட்ட ஸ்ரீ விஜய, ஸ்ரீ கெமுனு ஆகிய வகைகள் குறிப்பிடத்தக்கவை. இந்தியாவில் கோழிக்கோடு நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் நவஸ்ரீ, நித்யஸ்ரீ வகைகளைத் தந்தது. தமிழ்நாட்டில் ஏற்காடு, பேச்சிப்பாறை நிலையங்களும் வகைகளை வெளியிட்டுள்ளன.

தேர்ந்த வகையை வெட்டுத்துண்டுகளால் பெருக்கினால் எல்லாக் கன்றுகளும் தாய்மரத்தின் குணத்தையே பெறும். விவசாயிக்கு இது நன்மை. ஆனால் நிலமெங்கும் ஒரே வகை நின்றால், பட்டையைச் சொரசொரப்பாக்கும் பூஞ்சை நோய் போன்ற ஒன்று எல்லா மரங்களையும் ஒருசேரத் தாக்க இடமாகும். அதைத் தாங்கும் குணத்தைப் பழைய விதைத்தோட்டங்களிலும் காட்டு உறவினங்களிலும்தான் தேட வேண்டியிருக்கும்.

சிங்கராஜ வனத்தின் பெயர் தாங்கிய இனம், கற்பூர மணமுள்ள இனம், எலுமிச்சை மணமுள்ள இனம் உட்பட, இலங்கைக்கே உரிய கறுவா உறவினங்கள் ஏழு அறியப்பட்டுள்ளன. இவற்றுள் பல அழியும் அபாயத்தில் உள்ளன.

2022இல் ஐரோப்பிய ஒன்றியம் சிலோன் கறுவாவுக்குப் புவிசார் குறியீடு வழங்கியது. கூமரின் என்ற வேதிப்பொருள் மிகுந்த காசியாப் பட்டையிலிருந்து இதை உலகச் சந்தை வேறுபடுத்தி அறிய அது உதவுகிறது. அந்தப் பெயரைத் தாங்கும் மரபுவளம் காட்டிலும் களச் சேகரிப்பிலும் முதிய விவசாயிகளின் தோட்டங்களிலும் பிரிந்து கிடக்கிறது. விலைபோகும் சில வகைகளோடு நின்றுவிடாமல், துவர்ப்பதையும் கசப்பதையும் சேர்த்துக் காப்பதே கறுவாவுக்கு எதிர்காலப் பாதுகாப்பு.