தவில்காரர் பெயர் என்ன?

தென்காசியில் காருகுறிச்சி அருணாசலத்தின் (1921–1964) நாதசுரத்தைத் தேடினால் முதலில் கிடைப்பது ‘சிங்கார வேலனே’தான். 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படப் பாட்டு. எஸ். ஜானகியின் குரலும் நாதசுரமும் முன்னால் நிற்கின்றன. மேளம் பின்னுக்குப் போய்விடுகிறது. தனித் தட்டுகளின் கதையும் நெருக்கடிதான்: பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் 3 நிமிடம். ராத்திரி முழுக்க விரியும் ராகம் அதற்குள் எப்படி அடங்கும்?

அதே 3 நிமிடத்துக்குள்தான் 1935இல் அமெரிக்காவில் பென்னி குட்மேனின் கிளாரினெட், டெடி வில்சனின் பியானோ, ஜீன் க்ரூப்பாவின் டிரம் மூன்றும் பேசிக்கொண்டன. வில்சன் கறுப்பர், மற்ற இருவர் வெள்ளையர். தட்டில் சேர்ந்தவர்கள் பொது மேடையில் சேர 1936 ஆயிற்று. ஆனாலும் மூன்று பெயர்களும் வரலாற்றில் நின்றன.

அந்த ஸ்விங் ஆடுகிறவர்களுக்கான இசை. நம்ம நையாண்டி மேளமும் அப்படித்தான்: நாதசுரம், தவில், பம்பை, தமுக்கு எல்லாம் கரகாட்டக்காரரின் காலைப் பார்த்தே திரும்பும். குற்றாலத்தில் சீசன் சமயம் வாங்கிய கொடைவிழாக் கேசட் ஒன்று என்னிடம் இருக்கு. ஒரே இரைச்சல். ஆனால் தவில் கேட்க நாதசுரம் பதில் சொல்வது துல்லியம். அட்டையில் கோயில் பெயர் உண்டு. வாசித்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை.

‘நல்ல பதிவு’ என்ற சொல்லாடல் சுத்தமான சத்தத்தை மட்டுமே அளக்கிறது. ஒருவரையொருவர் கேட்டு வாசிப்பது காதில் விழுகிறதா, அவர்கள் யார் என்று தெரிகிறதா என்பதே என் அளவுகோல். உங்க வீட்டுப் பரண்லயும் கேசட் கிடக்கும். தூக்கிப் போடுறதுக்கு முன்னால, வாசிச்சது யாருன்னு ஊர்ப் பெரியவங்ககிட்ட கேட்டு அட்டையில எழுதி வையுங்க.