பாரீஸ் மிட்டாயின் பெயர் மாற்றம்

பாரீஸ் மிட்டாய் என்பது கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பத்தில் தோன்றிய பாரீஸ் கன்பெக்ஷனரி நிறுவனத்தின் இனிப்புகளைக் குறிக்கும். காபி பைட், லாக்டோ கிங், கேரமில்க் ஆகியவை இவற்றுள் பெயர்பெற்றவை. 2004ஆம் ஆண்டில் நிறுவனம் கைமாறியதைத் தொடர்ந்து, உறைகளில் பாரீஸ் என்ற பெயர் இருந்த இடத்திற்கு லோட்டே என்ற பெயர் வந்தது.

தோற்றம்

வேல்ஸ் நாட்டவரான தாமஸ் பாரி 1788இல் சென்னையில் வணிகம் தொடங்கினார். சென்னையின் பாரிமுனை அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. அவர் வழிவந்த நிறுவனத்தின் சர்க்கரை ஆலை கரும்பு விளையும் நெல்லிக்குப்பத்தில் அமைந்தது. சர்க்கரை கிடைத்த அந்த ஊரிலேயே 1914இல் மிட்டாய்த் தொழிலும் தொடங்கியது. 1981இல் ஈ.ஐ.டி. பாரி நிறுவனம் முருகப்பா குழுமத்தின் வசமானது.

பெட்டிக்கடையில்

உத்திரமேரூர் வட்டத்துச் சாலவாக்கம் போன்ற ஊர்களில், தாளில் சுற்றிய மிட்டாய் எதுவானாலும் பேச்சுவழக்கில் அது 'சாக்லேட்'தான். பிறந்தநாளன்று வகுப்பில் கொடுப்பதற்கும், கடையில் சில்லறைக்குப் பதிலாகத் தருவதற்கும் இவையே பயன்பட்டன. பட்டையாக விற்கும் உண்மையான சாக்லேட் பல பிள்ளைகளுக்கு எட்டாத விலையில் இருந்தது. எனவே சிறுவயது 'சாக்லேட்' நினைவு என்பது இவ்வூர்களில் பெரும்பாலும் மிட்டாயின் நினைவே.

பெயர் மாற்றம்

2004இல் தென்கொரியாவின் லோட்டே நிறுவனம் பாரீஸ் கன்பெக்ஷனரியை வாங்கியது. பின்னர் அது லோட்டே இந்தியா எனப் பெயர் மாறியது. லோட்டே என்பது ஜெர்மன் எழுத்தாளர் கோத்தேயின் புதினத்தில் வரும் சார்லோட்டே என்ற பெண்ணின் பெயரிலிருந்து எடுக்கப்பட்டதாகும்.

பிற நாடுகளில்

பிரிட்டனில் மாரத்தான் என்ற சாக்லேட் 1990இல் ஸ்னிக்கர்ஸ் எனப் பெயர் மாறியது. உலகெங்கும் ஒரே பெயரில் விற்க மார்ஸ் நிறுவனம் விரும்பியதே காரணம். 2008இல் பழைய பெயர் சிறிது காலத்திற்கு மீண்டும் வந்தது. அங்கே நிறுவனம் அப்படியே இருக்க, தின்பண்டத்தின் பெயர் மாறியது. தமிழ்நாட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. கடையில் கேட்டு வாங்கும் காபி பைட் என்ற பெயர் மாறவில்லை. செய்தவர் பெயரே மாறியது. அதனால் இந்த மாற்றம் பலருடைய கண்ணில் படாமலே நிகழ்ந்தது.

இன்று

பாரி என்ற பெயர் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஈ.ஐ.டி. பாரியின் சர்க்கரைப் பொட்டலங்களில் அது தொடர்கிறது. மிட்டாய் உறையிலிருந்து நீங்கிய பெயரை, அந்த மிட்டாய்த் தொழிலுக்கு அடிப்படையாக இருந்த சர்க்கரையில் இன்றும் காணலாம்.