பழுதை எண்ணும் சட்டம்: அமெரிக்காவில் புதிய டிரக்கும் வாங்கியவர் உரிமையும்

புதிதாக வாங்கிய வண்டி மீண்டும் மீண்டும் பழுதாகி, பட்டறைக்குப் போன ஒவ்வொரு முறையும் அதே குறையுடன் திரும்பி வருமானால், அந்த இழப்பைச் சுமக்க வேண்டியவர் வாங்கியவரா, தயாரித்தவரா என்ற கேள்விக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நேரடியான சட்ட விடை 1982இல்தான் கிடைத்தது. அந்நாட்டுப் பேச்சு வழக்கில் இத்தகைய வண்டியை ‘லெமன்’ என்பர். அதனால் அதன் உரிமையாளரைக் காக்கும் மாநிலச் சட்டங்களுக்கும் லெமன் சட்டங்கள் என்ற பெயரே நிலைத்தது. இச்சட்டங்கள் குடும்பக் காரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஆயினும் அவற்றின் வலிமையும் வரம்பும் துலக்கமாக வெளிப்படுவது பிக்கப் டிரக்கின் விஷயத்தில்தான். ஏனெனில் பின்புறம் திறந்த தட்டு கொண்ட அந்தச் சிறு சரக்கு வண்டி, வார நாளில் தொழிற்கருவியாகவும் ஞாயிற்றுக்கிழமையில் குடும்ப வாகனமாகவும் இருந்து, சட்டம் வகுத்த இரு பிரிவுகளின் எல்லையிலேயே எப்போதும் நின்றுவந்திருக்கிறது.

அமெரிக்கர்கள் இங்கிலாந்திலிருந்து பெற்ற பொதுச் சட்ட மரபு, பொருளைச் சோதித்து வாங்கும் பொறுப்பு முழுவதையும் வாங்குபவர் தலையில் வைத்தது. 1603இல் தீர்ப்பான சாண்டலர் எதிர் லோபஸ் வழக்கு இதற்குச் சான்றாக இன்றும் காட்டப்படுகிறது. ஒரு பொற்கொல்லர், நம் சித்த மருத்துவர்கள் அறிந்த கோரோசனையை ஒத்ததும், விலங்கின் வயிற்றில் உருவாவதும், நஞ்சு முறிக்கும் என்று நம்பப்பட்டதுமான பெசோர் கல் என்று சொல்லி ஒரு கல்லை 100 பவுனுக்கு விற்றார். அது பெசோர் அல்ல என்று தெரிந்தபோது, ‘இது பெசோர்’ என்று விற்பவர் சொன்னது வெறும் கூற்றே, உத்தரவாதம் அன்று என்று நீதிமன்றம் கூறி வாங்கியவரைக் கைவிட்டது. பின்வந்த நூற்றாண்டுகளில் இவ்விறுக்கம் தளர்ந்தது. விற்கப்படும் பொருள் அதன் இயல்பான பயனுக்குத் தகுதியாக இருக்கும் என்ற மறைமுக உத்தரவாதம், அதாவது எவரும் எழுதித் தராவிட்டாலும் சட்டமே விற்பனையில் உள்ளடக்கிக் கருதும் உறுதிமொழி, 1906இன் சீர்மை விற்பனைச் சட்ட வரைவின் வழியாகப் பல மாநிலங்களில் இடம்பெற்றது.

ஆனால் மோட்டார் தொழில் வளர்ந்த விதம் இந்த உறுதிமொழியை வெறும் ஏட்டுச் சுரைக்காயாக்கியது. வண்டியைத் தயாரிப்பவர் ஒருவர், விற்பவர் டீலர் என்ற வேறொருவர்; தயாரித்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையில் ஒப்பந்தமே இல்லை என்ற வாதம் நிறுவனங்களுக்கு நெடுங்காலம் அரணாக இருந்தது. 1916இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ, மரச் சக்கரம் நொறுங்கிக் காயமடைந்தவருக்கு பியூக் நிறுவனம் நேரடியாகப் பொறுப்பு என்று தீர்ப்பளித்து அந்த அரணில் ஓர் உடைப்பை உண்டாக்கினார். எனினும் அத்தீர்ப்பு கவனக்குறைவால் உடலுக்கு நேர்ந்த தீங்கைப் பற்றியதேயன்றி, ஓடாத வண்டிக்குக் கொடுத்த பணத்தைப் பற்றியதன்று. ஃபோர்டு நிறுவனம் தன் மாடல் டி வண்டியில் தொழிற்சாலையிலேயே பிக்கப் தட்டைப் பொருத்தி 1925 ஏப்ரலில் 281 டாலருக்கு விற்கத் தொடங்கியபோது, அதை வாங்கிய விவசாயி பழுதைத் தம் கொட்டகையில் தாமே சரிசெய்துகொள்வார் என்பதே எல்லோருடைய எதிர்பார்ப்பாக இருந்தது.

எழுத்து வடிவில் தரப்பட்ட வாரண்டியும் அந்நாளில் உதவிக்கு வரவில்லை. பெரிய நிறுவனங்கள் உறுப்பினராக இருந்த மோட்டார் உற்பத்தியாளர் சங்கத்தின் ஒரே மாதிரிப் படிவம், 90 நாள் அல்லது 4,000 மைல், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை, பழுதான பாகத்தை மாற்றித் தருவதோடு கடமையை முடித்துக்கொண்டு, சட்டம் தரும் மறைமுக உத்தரவாதங்கள் அனைத்தையும் பொடி எழுத்தில் மறுத்தது. 1955 மே மாதம் நியூ ஜெர்சியில் ஒருவர் தம் மனைவிக்கு அன்னையர் தினப் பரிசாக வாங்கிய பிளிமத் கார், வாங்கிய சில நாட்களில், 468 மைல் மட்டுமே ஓடியிருந்த நிலையில், முன்புறம் ஏதோ முறிந்த ஓசையுடன் ஸ்டியரிங் கட்டுப்பாட்டை இழந்து சுவரில் மோதியது. ஹென்னிங்சன் எதிர் புளூம்ஃபீல்ட் மோட்டார்ஸ் என்ற அவ்வழக்கில் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1960இல் அளித்த தீர்ப்பு, எல்லாக் கடைகளிலும் ஒரே தாளை நீட்டும்போது வாங்குபவருக்குத் தேர்வு என்பதே இல்லை என்று கண்டு, அத்தாளின் மறுப்பு வாசகம் பொதுநலனுக்கு முரணானது, செல்லாது என்றது. ஒப்பந்தம் என்பது இரு சமமானவர்களின் உடன்பாடு என்ற புனைவை விட்டுச் சந்தையில் உண்மையில் நடப்பதை நீதிமன்றம் பார்த்தது என்பதே இத்தீர்ப்பின் பெருமை.

உடற்காயம் எதுவும் இன்றி, வண்டி மட்டும் உருப்படாமல் போனவருக்கு வழி திறந்தது சீர்மை வணிகச் சட்டத் தொகுப்பு. 1953இல் பென்சில்வேனியா முதலில் ஏற்று, பின்னர் ஏனைய மாநிலங்களும் பெரும்பாலும் பின்பற்றிய இத்தொகுப்பு, குறை வண்டியின் மதிப்பைக் கணிசமாகக் குறைக்குமானால், ஏற்றுக்கொண்ட பொருளையும் திருப்பிக் கொடுக்கலாம் என்றது. காட்சிக்கூடத்திலிருந்து ஒரு மைல்கூடப் போகாமல் நின்றுவிட்ட புதிய செவ்ரலேயைப் பற்றிய 1968ஆம் ஆண்டு ஜாப்ரிஸ்கி வழக்கில், டீலர் கியர்பாக்ஸை மாற்றித் தர முன்வந்தும் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. புதிய வண்டியின் மீது வாங்கியவர் வைத்த நம்பிக்கை ஒருமுறை குலைந்தபின், வேறு வண்டியிலிருந்து கழற்றிப் பொருத்திய உறுப்பு அதை மீட்காது என்பது தீர்ப்பின் சாரம். ஆயினும் எது கணிசம், எத்தனை முறை பழுதுபார்க்க அனுமதிப்பது நியாயம் என்பன ஒவ்வொரு வழக்கிலும் புதிதாக வாதிடப்பட வேண்டியிருந்தன; வண்டியின் விலையை வழக்கின் செலவு விழுங்கிவிடும் நிலையில் சாதாரண மனிதர் நீதிமன்றப் படியேறுவது அரிதாகவே இருந்தது.

அறுபதுகளில் வாரண்டியே விளம்பரப் போட்டியின் கருவியாயிற்று. கிறைஸ்லர் நிறுவனம் 1963 மாடல்களின் என்ஜினுக்கும் அதன் ஆற்றலைச் சக்கரம்வரை கொண்டுசெல்லும் பாகங்களுக்கும் 5 ஆண்டு அல்லது 50,000 மைல் உறுதி அளித்தது, போட்டியாளர்களும் பின்தொடர்ந்தனர், செலவு கூடியதும் தசாப்த முடிவில் எல்லோரும் பின்வாங்கினர். வாக்குறுதி பெரிதாகி நிறைவேற்றம் சிறுத்துப்போன அந்த ஆண்டுகளின் புகார்கள்தாம் சட்டமன்றங்களை அசைத்தன. கலிபோர்னியா 1970இல் சாங்–பெவர்லி நுகர்வோர் வாரண்டிச் சட்டத்தை இயற்றியது. ரால்ஃப் நேடர் இருவருடன் இணைந்து 1971இல் பழுதுபட்ட கார் உரிமையாளர்களுக்கென ஒரு செயல் கையேட்டையே வெளியிட்டார். செனட்டர் வாரன் மேக்னசன், பிரதிநிதி ஜான் மோஸ் ஆகியோரின் பெயரால் வழங்கும் கூட்டாட்சி வாரண்டிச் சட்டத்தில் 1975 ஜனவரி 4 அன்று அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்டார். ‘முழு’ வாரண்டி தருபவர், நியாயமான எண்ணிக்கையில் முயன்றும் பழுது தீராவிட்டால் பணத்தையோ மாற்றுப் பொருளையோ தரவேண்டும் என்று அது விதித்தது; கார் நிறுவனங்களில் பெரும்பாலானவை தம் வாரண்டிக்கு ‘வரம்புக்குட்பட்டது’ என்று தலைப்பிட்டு அக்கடமையிலிருந்து நழுவிக்கொண்டன. அந்தச் சட்டம் உண்மையில் தந்த பெரும் பயன், வென்ற நுகர்வோரின் வழக்கறிஞர் கட்டணத்தையும் தோற்ற நிறுவனத்திடமிருந்து பெறலாம் என்ற விதியே.

மேக்னசன்–மோஸ் விட்டுச்சென்ற இந்த ஓட்டையை அடைக்க எழுந்ததே கனெக்டிகட் மாநிலத்தின் 1982ஆம் ஆண்டுச் சட்டம். மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஜான் உட்காக் முன்னெடுத்த அச்சட்டம், நியாயமான முயற்சி என்பதற்கு எண்களால் வரையறை தந்தது: ஒரே குறைக்காக 4 முறை பழுதுபார்த்தும் தீரவில்லை என்றாலோ, பழுதினால் வண்டி மொத்தம் 30 நாள் பயன்படாமல் கிடந்தாலோ, நியாயமான வாய்ப்பு நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது என்று சட்டமே அனுமானிக்கும். அதே ஆண்டில் சாலி டேனர் கொண்டுவந்த சட்டத்தால் கலிபோர்னியாவும் இவ்வெண்களை ஏற்றது; பத்தாண்டு காலத்துக்குள் அனேகமாக எல்லா மாநிலங்களும் இவ்வழிக்கு வந்தன. இது கணக்கு வசதிக்கான சிறு மாற்றமாகத் தோன்றலாம். ஆனால் நுகர்வோர் சட்ட வரலாற்றில் இதைவிடக் கூர்மையான திருப்பம் குறைவு. பழுது எங்கே, யார் தவறு, பொறியியல் காரணம் என்ன என்பவற்றை நிறுவும் சுமை வாங்கியவரிடமிருந்து நீங்கி, எத்தனை முறை, எத்தனை நாள் என்று எண்ணிக் காட்டுவது மட்டுமே அவர் கடமையாயிற்று. பொருளியலறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பழைய கார் விற்பவருக்குக் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்ற சமமின்மையை ஆராய்ந்தது. புதிய வண்டியிலோ விற்கும் டீலருக்கும் எது லெமன் என்று தெரியாது. குறையை முன்கூட்டி அறிய எவராலும் இயலாத இடத்தில், பின்னர் எண்ணித் தீர்ப்பதே அறிவுடைமை.

எண்ணுவதற்குச் சான்று தாள்தான். நம் ஊர்ப் பட்டறைகளின் ஜாப் கார்டைப் போல, வண்டி உள்ளே வந்த தேதி, ஓடிய மைல், உரிமையாளர் சொன்ன குறை, செய்த வேலை, வெளியே போன தேதி ஆகியவை பதிவாகும் ரசீதே ஒவ்வொரு முயற்சிக்கும் சாட்சி. ‘குறை காணப்படவில்லை’ என்று எழுதித் திருப்பிய வரவும் கணக்கில் வாதிடத் தக்கதாதலால் அத்தாளும் காக்கப்பட வேண்டியது. பணம் திரும்பும்போது, பழுது தொடங்குமுன் வண்டி தந்த பயனுக்கு ஒரு கழிவு உண்டு. கலிபோர்னியச் சூத்திரப்படி, முதன்முறை பழுதுக்குக் கொண்டுவந்தபோது ஓடியிருந்த மைலை 1,20,000ஆல் வகுத்து விலையால் பெருக்க வேண்டும். 60,000 டாலர் டிரக் 3,000 மைலில் முதலில் பட்டறைக்கு வந்திருந்தால் கழிவு 1,500 டாலர்.

டிரக் எல்லைப்பிரச்சினையாவது, இந்தப் பாதுகாப்பு யாருக்கு உரியது என்ற கேள்வியில்தான். ஃபோர்டின் எஃப் வரிசை 1977 முதல் அந்நாட்டில் மிகுதியாக விற்கும் டிரக்காக இருந்தும், சட்டங்கள் ‘தனிப்பட்ட, குடும்ப, வீட்டுப் பயன்’ என்ற சொற்றொடரைச் சுற்றியே அமைந்தன. தச்சர், குழாய்ப் பணியாளர், பண்ணையாளர் போன்றோரின் டிரக் எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு மாநிலங்கள் எடையால் விடை தேடின. கலிபோர்னியாவில் பின்னர் வந்த திருத்தம், மொத்த எடை 10,000 பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ 4,536 கிலோவுக்கு, உட்பட்ட வண்டியைத் தொழிலுக்கு வாங்கியவரையும், அவர் பெயரில் ஐந்துக்கு மேற்பட்ட வண்டிகள் பதிவாகாத வரையில், பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. இதே சிக்கலை இந்திய உச்ச நீதிமன்றமும் எதிர்கொண்டது: கோவை பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனத்திடம் வாங்கிய இயந்திரம் பற்றிய 1995ஆம் ஆண்டு லட்சுமி என்ஜினீயரிங் வழக்கில், வாங்கியவர் வணிக நோக்கில் வாங்கியதால் நுகர்வோர் அல்லர் என்று கூறிய அதே தீர்ப்பு, டிரக்கை வாங்கித் தாமே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோரே என்று எடுத்துக்காட்டியது. உழைப்பவரின் கையையும் முதலீட்டாளரின் கணக்கையும் பிரித்துப் பார்க்கும் இந்த அளவுகோல், எடைக்கல்லைவிட நீதிக்கு நெருக்கமானது.

எடை வரம்பின் கொடுமையை 2003 மாடல் முதல் 2007 வரை ஃபோர்டின் சூப்பர் டியூட்டி டிரக்குகளில் இருந்த 6.0 லிட்டர் டீசல் என்ஜின் தெளிவாக்கியது. நேவிஸ்டார் தயாரித்த அந்த என்ஜினில், எண்ணெயைக் குளிர்விக்கும் கூலரின் நுண்வழிகள் அடைபடும். அதனால் கூலண்ட் ஓட்டம் குறைந்து, மறுசுழற்சிப் புகையைக் குளிர்விக்கும் இன்னொரு கூலர் வெடிக்கும். இறுதியில் சிலிண்டர் தலைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட் பிளக்கும். ஒரே நோயின் தொடர்ச்சி ஒவ்வொரு வரவிலும் வெவ்வேறு பாகத்தின் பெயரால் ரசீதில் ஏறியபோது, ‘ஒரே குறைக்கு 4 முறை’ என்ற விதி எளிதில் கைகூடாது. எல்லாப் பழுதுகளின் நாட்களையும் கூட்டும் 30 நாள் விதியே அத்தகைய உரிமையாளருக்குத் துணை. எடை வரம்பை மீறிய கனமான வகைகளைத் தொழிலுக்கு வாங்கியவர்களுக்கோ அதுவும் இல்லை. வாரண்டிச் செலவை யார் ஏற்பது என்று ஃபோர்டும் நேவிஸ்டாரும் 2007 முதல் நீதிமன்றத்தில் மோதி 2009இல் உடன்பாடு கண்டன. இரு பெரு நிறுவனங்களுக்கே அத்தனை காலம் பிடித்த வழக்கைத் தனிமனிதர் நடத்துவது எங்ஙனம்?

திரும்பப் பெற்ற வண்டியைச் சுத்தம்செய்து வேறு மாநிலத்தில் விற்கும் வழக்கம் பரவியபோது, உரிமைப் பத்திரத்தில் அது லெமன் சட்டப்படி மீட்கப்பட்டது என்று பொறிக்கவும், இடது கதவுச் சட்டத்தில் அறிவிப்பை ஒட்டவும் கலிபோர்னியா கட்டளையிட்டது. இரண்டாம் கை வாங்குபவரின் உரிமையை மட்டும் அம்மாநில உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் சுருக்கியது. நிறுவன வாரண்டி இன்னும் மிச்சமிருந்தபோதே வாங்கிய, 55,000 மைலுக்குமேல் ஓடிய, இரண்டு ஆண்டுப் பழைய டாட்ஜ் டிரக்கைப் பற்றிய வழக்கில், வாரண்டி மீதமிருப்பதனாலேயே அது ‘புதிய மோட்டார் வாகனம்’ ஆகிவிடாது என்று தீர்ப்பானது. அதற்கு முந்தைய மாதம் நிறைவேறிய ஏ.பி. 1755 என்ற சட்டம், அபராதத் தொகை கோருமுன் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்றும், வாரண்டி முடிந்த ஓராண்டுக்குள்ளும் வண்டி முதன்முதலில் ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து ஆறு ஆண்டுகளைத் தாண்டாமலும் வழக்குத் தொடர வேண்டும் என்றும் வரையறுத்தது. 2025இல் வந்த திருத்தம் இந்நடைமுறையை விரும்பி ஏற்கும் நிறுவனங்களுக்கு மட்டும் உரியதாக்கியது. ஆகவே ஒரே மாநிலத்தில், ஒரே வகைப் பழுதுள்ள இரு புதிய டிரக்குகளின் உரிமையாளர்கள் எவ்வளவு காலத்துக்குள், எந்த முறைப்படி வழக்காட வேண்டும் என்பதை இப்போது முடிவுசெய்வது அவற்றைத் தயாரித்த நிறுவனத்தின் விருப்பமே.