தேனீயின் உண்ணியும் ஒரு ரோமானியர் பெயரும்

மாட்டு உண்ணி நம் எல்லோருக்கும் தெரியும். தேனீக்கும் உண்ணி உண்டு என்றால் பலர் நம்புவதில்லை. கடுகளவே இருக்கும், செம்பழுப்பு நிறம், நண்டு போலத் தட்டையான உடம்பு. நாம் பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீயின் மேல், ஜாவா தீவில் ஜேக்கப்சன் என்பவர் இதைக் கண்டெடுத்தார். 1904-ல் டச்சு விஞ்ஞானி ஔடமான்ஸ் இதற்கு 'வரோவா' என்று பெயர் சூட்டினார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் விவசாய நூல் எழுதி, அதில் தேனீ வளர்ப்பையும் விளக்கிய ரோமானியர் வர்ரோவின் நினைவாக வைத்த பெயர். தேனீக்குப் பெருமை சேர்த்தவர் பெயர் அதன் எமனுக்குப் போய்ச் சேர்ந்தது!

ஆனால் அடுக்குத் தேனீக்கு அது எமன் அல்ல. உண்ணி அதன் ஆண் புழு அறைகளில்தான் பெருகும். வேலைக்காரத் தேனீக்களும் தம் மேல் ஏறிய உண்ணியைத் துடைத்துத் தள்ளிவிடும். இப்படி இரண்டும் நெடுங்காலம் சேர்ந்தே வாழ்ந்தன. தேன் அதிகம் கிடைக்கும் என்று ஐரோப்பியத் தேனீயை ஆசியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் மனிதர்கள். அருகருகே பெட்டி வைத்ததும் உண்ணி தாவியது. புது இடத்தில் வேலைக்காரப் புழுக்களிலும் பெருகியது. சிறகைச் சுருங்க வைக்கும் வைரஸையும் பரப்பியது. 1987-ல் அமெரிக்கா, 1992-ல் இங்கிலாந்து, 2000-ல் நியூசிலாந்து என்று உலகம் சுற்றியது. கொல்லும் உண்ணி ஜாவாவில் கண்டதன் வேறொரு இனம் என்பதே 2000-ல்தான் தெளிவானது.

கடைசியாக விழுந்த கோட்டை ஆஸ்திரேலியா. அங்கே துறைமுகங்களில் காவலுக்கென்றே தேன்பெட்டிகள் வைத்துச் சோதித்து வந்தார்கள். 2022 ஜூனில் நியூகாசில் துறைமுகப் பெட்டியில் உண்ணி அகப்பட்டது. ஆயிரக்கணக்கான கூடுகளை அழித்துப் பார்த்தார்கள். 2023 செப்டம்பரில், இனி ஒழிக்க முடியாது, சமாளித்து வாழ வேண்டியதுதான் என்று முடிவு செய்தார்கள்.

எங்கள் மார்த்தாண்டம் பக்கம் 1920-களிலேயே ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் தேன்பெட்டிகளை ஊக்குவித்தார். 1990-களின் தொடக்கத்தில் புழுக்களைப் பை போலாக்கும் வைரஸ் நோய் வந்தது. ரப்பர் மரங்களுக்கு நடுவே காலிப் பெட்டிகள் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். அது உண்ணியால் வந்ததல்ல. ஆனால் அதன்பின் இத்தாலியத் தேனீ, அதாவது அந்த ஐரோப்பிய இனம், தெற்கே வந்துவிட்டது. அதை வளர்ப்பவர்கள் உண்ணியை மறக்கக் கூடாது.

சோதனைக்குச் செலவில்லை. புழு அடையிலிருந்து அரை கப், அதாவது ஏறக்குறைய 300 தேனீக்களை, ராணி இல்லாமல் பார்த்து, கம்பிவலை மூடியிட்ட பாட்டிலில் எடுங்கள். நன்றாகப் பொடித்த சர்க்கரை இரண்டு ஸ்பூன் தூவி உருட்டி, இரண்டு நிமிடம் வையுங்கள். பிறகு வெள்ளைத் தட்டில் உதறி நீர் விட்டால் சர்க்கரை கரைந்து உண்ணி மட்டும் தெரியும். ஒன்பதுக்கு மேல் இருந்தால் உடனே மருந்து பார்க்க வேண்டும். தேனீக்கள் சர்க்கரையோடு உயிருடன் வீடு திரும்பும்.

காலியான பெட்டியைத் திறந்து பார்ப்பதைவிட, நிறைந்த பெட்டியில் எண்ணிப் பார்ப்பது நல்லது.